சமத்துவ அமைப்புகள் தரும் மாணவர் ஆய்வு நல்கை என்றால் என்ன?

தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் உரிமைகளுக்காக உழைக்கும் அமைப்பு ஒன்று, மாணவர் ஒருவரைச் சில மாதங்கள் ஒரே கேள்வியை ஆராயச் சொல்லி, உதவித்தொகையும் வழிகாட்டியும் தருகிறது. அதுவே ஆய்வு நல்கை.

இது ஏன் தேவை? சிங்கப்பூரில் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் மின்தூக்கி அடிக்கடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "எப்போதும் பழுதுதான்" என்று முறையிட்டால் நகர மன்றம் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். எந்த நாள், எந்த மாடி, எத்தனை மணி நேரம் என்று குறித்துக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் குறிப்பேட்டை எழுதுபவர்தான் ஆய்வு மாணவர்.

சிங்கப்பூரில் ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 1938இல் வந்தது. 2022 நவம்பரில்தான் அதை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்தது. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வயது, இனம், சமயம், உடற்குறை முதலியவற்றின் பேரில் காட்டப்படும் பாகுபாட்டைத் தடுக்க வகைசெய்கிறது. பாலின ஈர்ப்பும் பாலின அடையாளமும் அப்பட்டியலில் இல்லை. எனவே, வேலையிடத்தில் தன்பாலின ஈர்ப்பாளருக்கும் திருநருக்கும் நேர்வதை யாராவது பொறுமையாகக் கேட்டு எழுதத்தான் வேண்டும். தமிழ் தெரிந்த மாணவர்கள் இதற்கு மிகவும் தேவை என்பேன்: இவர்களில் ஒருவருடைய தாய் ஆங்கிலப் படிவத்தில் ஒரு வரிதான் எழுதுவார்; தமிழில் கேட்டால் மனம் திறந்து பேசுவார்.

தன்பாலின ஈர்ப்பாளர் மட்டுமே இத்தகைய ஆய்வு செய்யலாம் எனப் பலர் எண்ணுகிறார்கள்; பொதுவாக இதற்கு வேண்டியது ஆய்வுத் திறனும், சொன்னவரின் அடையாளத்தைக் காக்கும் நேர்மையும்தான்.