பாஸ் எடுப்பதா, ரிக்கற் எடுப்பதா? ஐரோப்பிய ரயில் பற்றி வாசகர் கேள்விகள்

நல்லூர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவிலிருந்து சனம் வந்து இறங்குகிற இந்தக் காலத்தில், இங்கிருந்து அங்கே போக வெளிக்கிடுகிறவர்களின் கேள்விகள்தான் கூடுதலாக வந்திருக்கின்றன. அதிலும் பாதிக்கு மேல் ரயில் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கொக்குவில் வாசகர்): எனக்கு 63 வயது, மனைவிக்கு 58. வாற வருடம் வைகாசியில் போக யோசிக்கிறோம். பாரிஸில் தம்பி, ஸ்ருட்கார்ட்டில் மகள், சூரிச்சில் மனைவியின் அண்ணர். முடிந்தால் லண்டனும். ஒரு பாஸ் எடுத்தால் ஐரோப்பா முழுக்க எந்த ரயிலிலும் ஏறலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். மகளோ பாஸ் வேண்டாம், ரிக்கற்றுகளைத் தனித்தனியாகப் போடுவோம் என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் விஷயத்தில் மகள் சொல்வதுதான் சரி.

பாஸ் என்பது ரயிலில் போகிற நாட்களுக்குக் கொடுக்கிற காசு. நீங்கள் அங்கே நிற்கப்போகும் நாட்களில் பெரும்பாலானவை தம்பி வீட்டுக் குசினியிலும் மகள் வீட்டு வரவேற்பறையிலும்தான் கழியும் (கோபிக்க வேண்டாம், உறவினரிடம் போகிற எல்லாருக்கும் அப்படித்தான்). பாரிஸ் – ஸ்ருட்கார்ட், ஸ்ருட்கார்ட் – சூரிச், சூரிச் – பாரிஸ் என்று பெரிய ஓட்டம் மூன்றே மூன்று. தெரிந்தவர் சொல்லும் அந்தப் பாஸின் பெயர் யூரெயில் குளோபல் பாஸ். அதில் ஆகச் சிறியது ஒரு மாதத்துக்குள் எந்த 4 நாளும் போகக்கூடியது. இரண்டாம் வகுப்பில் ஒருவருக்கு ஏறக்குறைய 300 யூரோ வரும், விலை வருடாவருடம் கொஞ்சம் அசையும். 60 வயது தாண்டியதால் உங்களுக்குப் பத்து வீதம் கழியும், மனைவிக்குக் கழியாது. அதற்கு மேல் பாரிஸ் வந்துபோகும் அதிவேக ரயில்களுக்கு ஆசன முற்பதிவுக் காசு தனி. இதே மூன்று ஓட்டத்தையும் இரண்டு மூன்று மாதம் முந்தி ரிக்கற்றாக எடுத்தால், ஒவ்வொன்றும் 40, 50 யூரோவளவில் அகப்படுகிற நாட்கள் நிறைய உண்டு. கூட்டிப் பார்த்தால் பாஸின் பாதி விலை.

ஆனால் அந்த மலிவு விலை, முந்தி எடுக்கிறவருக்குத்தான். பிரான்சின் ரிஜிவி, ஜேர்மனியின் ஐசிஈ என்கிற அதிவேக ரயில்களும் விமான ரிக்கற் மாதிரித்தான், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். முதல் நாள் போய்க் கேட்டால் அதே ஓட்டம் 100 யூரோவைத் தாண்டும். இங்கேதான் எங்கள் ஆட்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: மலிவு ரிக்கற் முந்தி எடுக்கவேண்டும், விசாவோ பிந்தி வரும். விசா கைக்கு வர முதல் திருப்பிக் கொடுக்கமுடியாத ரிக்கற்றை எடுத்துவிட்டு, விசா மறுக்கப்பட்டால் அந்தக் காசு போனதுதான். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் மூன்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முந்தியே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிலவேளை 45 நாள் வரை இழுபடும். ஆகவே வைகாசிப் பயணத்துக்கு மார்கழியிலோ தையிலோ விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, விசா ஒட்டி வந்த அடுத்த நாளே மகளிடம் சொல்லி ரிக்கற்றுகளைப் போடுங்கள். விசா கடைசி நேரத்தில்தான் வருகிறது என்றால் கணக்கு மாறிவிடும். பாஸின் விலை நாள் நெருங்குவதால் ஏறாது, இன்று எடுத்தாலும் பயணத்துக்கு முதல் நாள் எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே விலைதான். அந்த நிலையில் மூன்று ரிக்கற்றின் விலையையும் பாஸின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து, மலிவானதை எடுங்கள்.

லண்டன் விஷயத்தை இதோடு கலக்கவேண்டாம். அதற்குப் பிரித்தானிய விசா தனியாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழையக்கூடியதாக இருந்தால், பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரயில் ஏறிய பிறகு திரும்பப் பாரிஸுக்கு வரமுடியாது. கொழும்புக்கான விமானம் பாரிஸிலிருந்து என்றால் என்ன செய்வீர்கள்? ஒன்றில் பலமுறை நுழையும் விசாவுக்குக் கேளுங்கள், அல்லது லண்டனைக் கடைசியில் வைத்து அங்கிருந்தே ஊருக்கு விமானம் ஏறுங்கள். பாரிஸ் – லண்டன் ஓடும் யூரோஸ்ரார் ரயிலில் இரண்டே கால் மணித்தியாலம்தான் ஓட்டம், ஆனால் பிரெஞ்சு, பிரித்தானிய குடிவரவுச் சோதனை இரண்டும் பாரிஸ் நிலையத்திலேயே நடக்கும் என்பதால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முந்தியே போய் நிற்கவேண்டும்.

பாரிஸில் இன்னொன்று. லண்டன் ரயில் கார் து நோர் நிலையத்தில், ஸ்ருட்கார்ட் ரயில் கார் து லெஸ்த் நிலையத்தில், சூரிச் ரயில் கார் து லியோன் நிலையத்தில். முதல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், லா சப்பலில் எங்கள் கடைகளிலிருந்து நடந்தே போகலாம். மூன்றாவது தூரம். மிளகாய்த்தூளும் ஒடியலும் பினாட்டும் அடைத்த பெட்டிகளோடு நிலத்தடி ரயிலில் நிலையம் மாறுவது 63 வயதில் செய்யிற வேலையில்லை, தம்பியைக் காரோடு வரச் சொல்லுங்கள்.

கேள்வி (உடுவில் வாசகி): பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்கிறார்கள், பிறகு முற்பதிவுக்குக் காசு கேட்கிறார்கள். இது என்ன கதை?

பதில்: யாழ்தேவியில் ஆசனம் பதியாமல் ரிக்கற் எடுத்தவர் நின்றுகொண்டாவது கொழும்பு போய்ச் சேருவார். ரிஜிவியில் அந்த விளையாட்டு இல்லை, பதிந்த ஆசனம் இல்லாமல் ஏறவே கூடாது. பாஸ் பயணக் கட்டணத்தைத்தான் மூடும், கதிரைக்குத் தனிக் காசு.

நாட்டுக்கு நாடு இது வேறு. ஜேர்மனி, ஒஸ்ரியா, சுவிஸ், நெதர்லாந்து நாடுகளுக்குள் ஓடும் பகல் ரயில்களில் பெரும்பாலும் முற்பதிவு கட்டாயமில்லை, பாஸைக் காட்டிவிட்டு வந்த ரயிலில் ஏறலாம். பிரான்சின் அதிவேக ரயில், இத்தாலியின் பிரெச்சாரோசா, ஸ்பெயினின் ஆவே, யூரோஸ்ரார், இரவு ரயில்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். உள்நாட்டு ரயிலுக்கு 10, 20 யூரோ போகும், யூரோஸ்ராருக்கு 30ஐத் தாண்டும். காசு கூடப் பரவாயில்லை. பாஸ்காரருக்கென்று ஒரு ரயிலில் கொஞ்ச ஆசனம்தான் ஒதுக்குவார்கள், அது முடிந்தால் பக்கத்துப் பெட்டி வெறுமையாகப் போனாலும் உங்களுக்கு இடமில்லை. பிரான்சையும் ஸ்பெயினையும் மட்டும் பார்க்கப் போகிறவருக்கு நான் பாஸ் எடுக்கச் சொல்லமாட்டேன். இன்னொன்று, பிரான்சில் வீகோ என்ற மலிவு ரயிலும் இத்தாலியில் இத்தாலோ என்ற தனியார் ரயிலும் பாஸையே ஏற்காது.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): எனக்கு 24 வயது, கம்பஸ் முடித்துவிட்டேன். நண்பர்கள் இருவரோடு மியூனிக், சால்ஸ்பேர்க், வியன்னா, பிராக், பேர்லின் என்று மூன்று கிழமை சுற்ற யோசனை. எந்த நாள் எங்கே என்று இன்னும் முடிவில்லை. நாங்களும் ரிக்கற்தான் எடுக்கவேண்டுமா?

பதில்: இல்லைத் தம்பி, நீங்கள் பாஸுக்கென்றே பிறந்த ஆட்கள். 27 வயது வரை இளையோர் விலை, பெரியவர்களுடையதைவிடக் கால்வாசி குறைவு. நீங்கள் சொன்ன நகரங்கள் எல்லாம் கதிரைக் காசு கட்டாயமில்லாத வழிகளில்தான் இருக்கின்றன. ஒரு மாதத்துக்குள் 7 நாள் பாஸ் போதும், வியன்னாவிலும் பிராக்கிலும் இரண்டு மூன்று நாள் நிற்பீர்கள்தானே, தொடர்ச்சியான பாஸ் எடுத்து நிற்கிற நாளுக்கும் காசு கட்டாதீர்கள். சால்ஸ்பேர்க்கில் மழை பிடித்துக்கொண்டால் அடுத்த ரயிலில் வியன்னாவுக்கு வெளிக்கிடலாம், மலிவு ரிக்கற்காரருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, அவருடைய ரிக்கற் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான்.

பயண நாள் என்பது நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை ரயில் மாறினாலும் ஒரு நாள்தான் கழியும், ஆகவே தூர ஓட்டங்களை ஒரே நாளில் போட்டு, அரை மணித்தியால ஓட்டத்துக்குக் கையிலிருந்து ரிக்கற் எடுங்கள். இரவு ரயிலில் நள்ளிரவுக்கு முந்தி ஏறி, இடையில் மாறாமல் காலையில் இறங்கினால் ஏறிய நாள் மட்டும்தான் கழியும். படுக்கைக்குத் தனிக் காசு, அதுவும் கோடையில் முந்தியே முடிந்துவிடும்.

பாஸ் இப்போது பெரும்பாலும் போனில் ஒரு செயலியில்தான் வருகிறது. ஒவ்வொரு ரயிலையும் ஏற முதல் அதில் சேர்க்கவேண்டும், பரிசோதகர் வந்து கேட்கும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைக்கவேண்டும், பற்றரி செத்தால் பாஸும் செத்த கணக்கு. பவர் பாங்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பாஸை 11 மாதத்துக்குள் எப்பவும் தொடங்கலாம். வழக்கமான விலைக்கு வாங்கியது என்றால், தொடங்காத வரை கொஞ்சம் கழித்துக்கொண்டு காசைத் திருப்பித் தருவார்கள். தள்ளுபடி விலையில் வாங்க முதல் அந்தச் சலுகையின் நிபந்தனையை வாசியுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி வாசகி): அக்கா சுவிஸில் 30 வருடமாக இருக்கிறா. நானும் அவவும் சேர்ந்து இத்தாலி வரை போக ஆசை. இருவருக்கும் ஒரே பாஸ் எடுக்கலாமா?

பதில்: ஒரே ரயிலில் போகலாம், ஒரே பாஸ் எடுக்க முடியாது. ஐரோப்பாவில் வசிக்கிறவருக்கு இன்டர்ரெயில், வெளியே வசிக்கிறவருக்கு யூரெயில். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதைவிட எங்கே வதிவிடம் என்பதுதான் கணக்கு, ஆகவே அக்கா இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அவவுக்கு இன்டர்ரெயில்தான். அதில் சொந்த நாட்டுக்குள், அதாவது சுவிஸுக்குள், வெளியே போக ஒரு நாளும் திரும்பி வர ஒரு நாளும் மட்டும்தான் ஓடலாம். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இத்தாலிக்கு மட்டும் என்றால் இரண்டு பாஸுமே வேண்டாம். சூரிச்சிலிருந்து மிலான் மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல், 2016இல் திறந்த 57 கிலோமீற்றர் கொத்தார்ட் சுரங்கத்துக்குள்ளால் போகும், முந்தி எடுத்தால் மலிவு ரிக்கற் உண்டு. சுவிஸுக்குள் நீங்கள் சுற்றுவதுதான் செலவு. சூரிச்சிலிருந்து பேர்ண் ஒரு மணித்தியால ஓட்டம்கூட இல்லை, முழு விலை 50 பிராங்குக்கு மேல். அக்காவிடம் அரைவிலை அட்டை இருக்கும், அதைக் கொண்டு நீங்கள் போகமுடியாது. மூன்று நாலு நாள் ஓயாமல் சுற்றப்போகிறீர்கள் என்றால் வெளிநாட்டவருக்கான சுவிஸ் ட்ராவல் பாஸ் பாருங்கள். ரயிலோடு பஸ், ஏரிக் கப்பல், நகரத்து ட்ராம், 500க்கு மேற்பட்ட நூதனசாலைகள் எல்லாம் அதற்குள் அடக்கம், ஆனால் யுங்பிராவ்யோக் மலைக் கணவாய்க்குப் போகும் ரயிலுக்குக் கழிவு மட்டும்தான். இடைக்கிடை ஒரு நாள் வெளியே போகிறவருக்கு, அக்காவின் ஊர்ச் சபை அலுவலகத்தில் விற்கிற ஒரு நாள் அட்டை நல்லது. முந்திக் கேட்டால் மலிவு, நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் இருக்கும். அக்காவுக்கு இதைப் பற்றித் தெரியாமலும் இருக்கலாம், காரில் திரிகிற ஆட்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை.

கேள்வி (வட்டுக்கோட்டை வாசகர்): அம்மா டோர்ட்முண்டில் தங்கச்சியோடு இரண்டு மாதம் நிற்பா. ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் அயல் நகரங்களுக்கும் போக எது மலிவு?

பதில்: டொய்ச்லாண்ட் ரிக்கற். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள், 2025இல் 58 ஆனது, 2026 தையிலிருந்து 63. ஜேர்மனி முழுக்க உள்ளூர், பிராந்திய ரயில், பஸ், ட்ராம், நிலத்தடி ரயில் எல்லாவற்றிலும் மாதம் முழுக்கப் போகலாம். ஐசிஈ, ஐசி போன்ற தூர ஓட்ட ரயில்களில் ஏறக்கூடாது. டோர்ட்முண்டிலிருந்து ஹம் பிராந்திய ரயிலில் கிட்டத்தான், ஆனால் கோயில் நகரின் ஊன்ட்ரொப் பகுதியில் நிலையத்துக்குத் தூரமாக இருப்பதால் பஸ் பிடிக்கவேண்டும், அதுவும் இதற்குள் அடக்கம். தங்கச்சி காசு கட்டலாம், ரிக்கற் அம்மாவின் பெயரில் இருக்கவேண்டும். இது மாதச் சந்தா, தானாக நீண்டுகொண்டே போகும். கடைசி மாதத்தின் 10ஆம் திகதிக்குள் நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அம்மா வட்டுக்கோட்டைக்கு வந்த பிறகும் தங்கச்சியின் வங்கியிலிருந்து காசு கழியும்.

கேள்வி (பருத்தித்துறை வாசகர்): பாஸைக் காட்டி பாரிஸ் மெற்றோவில் போகலாமா?

பதில்: முடியாது. மெற்றோ, ட்ராம், நகர பஸ் எதற்கும் செல்லாது. ஜேர்மனியில் எஸ்-பான் என்கிற நகர ரயிலுக்குச் செல்லும், அதற்கும் அந்த நாள் பயண நாளாகக் கழியும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி (மானிப்பாய் வாசகி): ஒரு ரயில் பிந்தி அடுத்த ரயிலைத் தவறவிட்டால் ரிக்கற் காசு போய்விடுமா? ரிக்கற்றை மகன் அங்கிருந்து எடுத்து அனுப்புவதால் பிரச்சினை ஏதும் வருமா?

பதில்: முழுப் பயணமும் ஒரே ரிக்கற்றாக எடுத்திருந்தால் பயப்படவேண்டாம், அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ரயில்வேயின் தவறால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால் 25 வீதமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் 50 வீதமும் திருப்பிக் கேட்கலாம். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு துண்டாக வேறு வேறு இடத்தில் வாங்கியிருந்தால் இரண்டாவது ரயில்காரர் உங்களைக் கணக்கெடுக்கமாட்டார். ஜேர்மன் ரயில்கள் பிந்துவதில் இப்போது பெயர்பெற்றவை, மாறும் இடத்தில் பத்து நிமிடம் போதும் என்று கணினி சொன்னாலும் ஒரு மணித்தியாலம் விடச் சொல்லுங்கள்.

மகன் எடுத்து அனுப்பலாம். பெயரை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக நிற்கும், மகன் பழக்கத்தில் அம்மாவின் வீட்டுப் பெயரையோ முதலெழுத்தையோ போட்டுவிடுவார். கடவுச்சீட்டின் படப் பக்கத்தை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் போடச் சொல்லுங்கள். ரயிலில் பரிசோதகர் கேட்டால் நகலைக் காட்டாமல் கடவுச்சீட்டையே காட்டுங்கள்.