மரப்பட்டை ஓவியத்தின் வடிவத்தை அழைப்பிதழில் அச்சிடலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் வாங்கிய யொல்ஙு மரப்பட்டை ஓவியம் ஒன்று எங்கள் வீட்டில் உள்ளது. நடுவில் முதலையும் சுற்றிலும் சாய்சதுர வடிவங்களும் தீட்டப்பட்டுள்ளன. சான்றிதழில் யிர்க்கலா கலை மையத்தின் பெயரும் மடர்ப்பா குலம் என்ற குறிப்பும் இருக்கின்றன. அந்தச் சாய்சதுரங்களை மட்டும் புதுமனை புகுவிழா அழைப்பிதழின் ஓரத்தில் அச்சிடலாமா? பட்டை சற்று வளைந்துள்ளது. அதை நிமிர்த்தி வார்னிஷ் பூசலாமா?

பதில்: அனுமதி பெறாமல் அச்சிட வேண்டாம். முதலையை விட்டுவிட்டு ஓர வடிவத்தை மட்டும் எடுத்தால் சிக்கல் இராது என்று நீங்கள் எண்ணியிருக்கலாம், உண்மை நேர்மாறானது. முதலையைவிட அந்தச் சாய்சதுரங்களே கடுமையான கட்டுப்பாட்டுக்கு உரியவை.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள ஆர்னம் லாண்டின் வடகிழக்கில் வாழும் பழங்குடிகளான யொல்ஙு மக்களின் உலகம் துவா, யிரிட்ஜா என்ற இரு பாதிகளால் ஆனது. ஒவ்வொரு குலமும், அதன் நிலமும் நீரும் உயிர்களும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவை. மடர்ப்பா யிரிட்ஜா குலம். அக்குலத்தின் மூதாதையான பாரு என்னும் முதலை, உடலில் பற்றிய நெருப்புடன் கடலில் இறங்கியதாகவும், அந்தத் தீப்புண்ணின் தழும்புகளே முதலையின் முதுகில் இன்றும் காணப்படுவதாகவும் அவர்கள் கொள்கிறார்கள். சாய்சதுரங்கள் அந்த நெருப்பையும் அது சென்றடைந்த நீரையும் குறிக்கின்றன. சடங்குகளில் உடல்மீது தீட்டப்படும் இவ்வடிவத்தை வரையும் உரிமை பிறப்பாலும் உறவாலும் வருவது. தந்தையின் குல வடிவத்தை ஒருவர் வரையலாம், தாயின் குல வடிவத்தை உரிய இசைவுடன் வரையலாம், தமக்கு உரிமை இல்லாததைத் தொடுவதில்லை.

எனவே இவ்வடிவம் ஏறத்தாழ நிலப் பத்திரத்தின் வேலையைச் செய்கிறது. 1963இல் தங்கள் நிலத்தில் பாக்சைட் சுரங்கம் அமைவதை எதிர்த்த யிர்க்கலா ஊரின் யொல்ஙு மக்கள், தட்டச்சு செய்த மனுவைக் குல ஓவியங்கள் சூழ்ந்த மரப்பட்டையில் ஒட்டியே ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். உங்கள் ஓவியத்துக்கு இன்னும் நெருக்கமான செய்தியும் உண்டு. 1996இல் மடர்ப்பா பகுதியிலுள்ள முதலையின் புனித இடத்தில், சட்டவிரோதமாகக் கொடுவா மீன் பிடித்தவர்களின் முகாமில், வெட்டப்பட்ட முதலைத் தலை ஒன்று கிடந்தது. அதற்கு எதிர்வினையாக, மடர்ப்பா குலத்தவரான ஜம்பாவா மராவிலி உள்ளிட்ட ஓவியர்கள் தங்கள் கடல் உரிமையை 80 மரப்பட்டைகளில் தீட்டினர். அதே கடற்பகுதியைச் சார்ந்த ப்ளூ மட் விரிகுடா வழக்கில் 2008இல் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம், ஓத நீர் ஏறி இறங்கும் பகுதிகளுக்குள் நுழைய அனுமதிக்கும் அதிகாரம் மரபுவழி உரிமையாளர்களிடமே இருப்பதை உறுதி செய்தது.

சட்டமும் உங்களைக் கட்டுப்படுத்தும். ஓவியத்தை வாங்கியதால் பதிப்புரிமை உங்களிடம் வந்துவிடாது. ஆஸ்திரேலியச் சட்டப்படி, ஓவியர் மறைந்த பின்னும் 70 ஆண்டுகளுக்கு அது நீடிக்கும். யிர்க்கலாவின் பாண்டுக் மரிகா உள்ளிட்டோரின் படைப்புகளை அனுமதியின்றித் தரைவிரிப்புகளில் நெய்து விற்ற வழக்கில், 1994இல் வழங்கப்பட்ட இழப்பீடு பண்பாட்டுத் தீங்கையும் கணக்கில் கொண்டது. காலில் மிதிபடும் பொருளில் புனித வடிவம் ஏறியது உரியவர்களுக்கு எத்தகைய அவமானம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அழைப்பிதழும் விழா முடிந்ததும் குப்பைக்கே போகிறது.

விரும்பினால், சான்றிதழிலுள்ள எண்ணைக் குறிப்பிட்டுக் கலை மையத்துக்கு எழுதுங்கள். அவர்கள் ஓவியரிடமும் குலத்தாரிடமும் கேட்பார்கள். மறுத்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லா மரப்பட்டை ஓவியமும் இத்தகையது என்று பொருளில்லை. மறைந்த யொல்ஙு ஓவியர் நியாபன்யாபா யுனுபிங்கு புனித வடிவங்களைத் தவிர்த்துத் தம் விருப்பப்படி வரைந்தவர். ஆனாலும் அவருடைய படைப்புகளுக்கும் பதிப்புரிமை உண்டு.

பட்டை வளைந்திருப்பது பழுதன்று. மழைக்காலத்தில் சாறு ஓடும்போது யூக்கலிப்டஸ் மரத்திலிருந்து உரித்து, நெருப்பில் வாட்டி, பாரம் ஏற்றித் தட்டையாக்கிய பட்டை, காற்றின் ஈரப்பதம் மாறும்போதெல்லாம் பழைய உருளை வடிவத்துக்குத் திரும்ப முயலும். அழுத்தி நிமிர்த்தினால் பிளக்கும். வார்னிஷ் பூசவே கூடாது. காவி மண்ணும் வெண்களிமண்ணும் அவற்றின் மங்கிய மேற்பரப்பை இழக்கும், பின்னர் அதை மீட்க முடியாது. ஈரத்துணியும் வேண்டாம். ஏசி காற்றும் வெயிலும் நேராகப் படாத சுவரில், பட்டையின் வளைவுக்கு ஏற்ற தாங்கியில் மாட்டுங்கள். நிறம் உதிரத் தொடங்கினால், ஓவியத்தைப் படுக்கைவாக்கில் வைத்துவிட்டு, கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள்.