இருட்டியபின் இரை தேடும் காட்டு வாத்து

அசாமின் மாநிலப் பறவை வெண்சிறகு வாத்து. அதன் தீனிப் பழக்கம் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: வாத்து ராத்திரியிலா மேயும் அண்ணா? அப்போ பகலில் என்ன செய்யும்?

பகல் முழுக்க அடர்ந்த காட்டுக்குள், கிளைகள் கவிந்து வெயில் படாத சின்னக் குட்டைகளில் ஒதுங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் கிளம்பி, சதுப்பிலும் தேங்கிய நீரிலும் சில இடங்களில் நெல்வயலிலும் இரை தேடும். அசாமின் நமேரி தேசியப் பூங்காவில் ஒரு விடிகாலை ஜியா பரோலி ஆற்றைப் படகில் கடந்து, காவலரோடு நடந்து போய்ப் பார்த்தேன். சருகு மூடிய குட்டை. முதலில் தலை மட்டும்தான் தெரிந்தது, வெள்ளைத் துணியில் மிளகுப்பொடி தூவியதுபோல. கறுத்த உடம்பு நிழலோடு கலந்திருந்தது. பெரிய பறவை, ஆண் 3 கிலோவுக்கு மேல் இருக்கும். அப்படியும் காவலர் கைகாட்டாவிட்டால் தவறவிட்டிருப்பேன்.

கேள்வி: மீன், நத்தை எல்லாம் தின்னுமாமே?

ஆமாம். விதை, நீர்ச்செடி, நெல்லோடு நத்தை, பூச்சி, சிறு மீன் எல்லாம் தின்னும். கூட்டமாக மேயும் வழக்கமும் குறைவு; பெரும்பாலும் தனியாக, ஜோடியாக, அல்லது நாலைந்தாகத்தான் வரும்.

கேள்வி: பேய் வாத்து என்கிறார்களே, ஏன் சார்?

அசாமிய மொழியில் ‘தேவ் ஹாஹ்’, அதாவது ஆவி வாத்து. அந்தி இருட்டில் பறந்தபடி அழுவதுபோல் நீட்டிக் கூவும். அந்தக் குரலால் வந்த பெயர்.

கேள்வி: தமிழ்நாட்டில் பார்க்கலாமா?

இல்லை. ஆனால் நம் ஏரிகளில் இருக்கும் சீழ்க்கைச் சிறகி என்ற சிறிய வாத்தும் இரவில்தான் அதிகம் மேயும், மரப்பொந்திலும் முட்டையிடும். அந்தி நேரத்தில் தலைக்கு மேல் சீழ்க்கைச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பாருங்கள்.

கேள்வி: சரணாலயம் அமைத்தால் போதாதா?

எதைச் சேர்த்து அமைக்கிறோம் என்பதுதான் முக்கியம். இதற்குப் பகலில் ஒதுங்க நிழல் குட்டை வேண்டும், இரவில் மேய ஈரநிலம் வேண்டும், கூடு வைக்கப் பொந்துள்ள முதிய மரம் வேண்டும். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். சதுப்பை வடித்து வயலாக்கினாலோ, பட்டமரம்தானே என்று வெட்டினாலோ, மிச்சமிருக்கும் காடு எவ்வளவு பச்சையாக இருந்தாலும் இந்த வாத்து அங்கே தங்காது. உலகம் முழுக்கச் சேர்த்தாலே ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் இப்போது எஞ்சியிருக்கின்றன.