மாவட்டச் சராசரி நன்றாக இருந்தும் தட்டம்மை ஏன் வருகிறது?

வேலூர் மாவட்டத்தின் மொத்தக் கணக்கு நன்றாக இருந்தால் போதாதா, தடுப்பூசியை ஊர்வாரியாக ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தட்டம்மை, அதாவது மணல்வாரி, ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடியது. அதனால் 95 சதவீதக் குழந்தைகளுக்கு இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு ஊரிலும். ஊசி போடாத குழந்தைகள் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் சராசரி அதைக் காட்டாது.

பீஞ்சமந்தை மாதிரி மலையூர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே மேலே கொண்டுபோக வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான தூள் மருந்து இருக்கும்; அதைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரம்தான், அப்புறம் மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். வந்திருப்பது இரண்டே குழந்தை என்றாலும் திறக்கத்தான் வேண்டும்.

நகரத்தில் வேறு கதை. முதல் ஊசி 9 மாதத்தில், தாய்வீட்டில் இருக்கும்போதே போட்டுவிடுவார்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாவதுதான், வீடு மாறியதில் விட்டுப்போகும்.