மிரட்டலுக்குப் பிறகு இயேசுவைப் பற்றிச் சாட்சி சொல்வது எப்படி?

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து ஓராண்டு ஆகிறது. ஒரே மகன் நான். அப்பா என்னோடு பேசுவதில்லை. போன மாதம் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கத் தனியாகப் போன தெருவில் நாலு பேர் சூழ்ந்து மிரட்டினார்கள். அதிலிருந்து வாய் திறக்கவே பயம். என்ன செய்ய?

பதில்: பயம் அவிசுவாசம் அல்ல. கொரிந்து பட்டணத்தில் தமக்குப் பயமும் மிகுந்த நடுக்கமும் இருந்ததாக அப்போஸ்தலனாகிய பவுலே எழுதுகிறார் (1 கொரி. 2:3). அப்போஸ்தலர் 4-இல் மிரட்டப்பட்ட சபை, எதிர்ப்பு ஒழிய வேண்டும் என்று கேட்கவில்லை. தைரியத்தைக் கேட்டது, அதுவும் கூடி ஜெபித்து. நீங்களும் இரண்டு மூன்று பேரோடு வாரம் ஒருமுறை கூடுங்கள். யாரிடம் பேசப்போகிறீர்களோ அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

பயத்தில் பாதி, என்ன சொல்வதென்று தெரியாததால் வருவது. அகிரிப்பா ராஜா முன் பவுல் பேசிய வரிசையைப் பாருங்கள் (அப். 26): முன்பு எப்படி இருந்தேன், இயேசு எப்படிச் சந்தித்தார், பிறகு என்ன மாறியது. உங்கள் சாட்சியை அப்படியே மூன்று நிமிடத்துக்குள் எழுதி, ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

தெருவுக்கு இனி தனியாகப் போகாதீர்கள். போதகருக்குத் தெரிந்தே போங்கள். கோயில் வாசலும் திருவிழா நாளும் வேண்டாம். யார் தெய்வத்தையும் இழிவாகப் பேசக் கூடாது. அது அன்புக்கு விரோதம். வேண்டுமென்றே செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 299, 302 பிரிவுகளில் குற்றமும்கூட. பணம், வேலை, சிகிச்சை எதையும் விசுவாசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். பெற்றோர் அறியாமல் சிறுவர்களிடம் பேசாதீர்கள். கூட்டம் சூழ்ந்தால் வாதாடாமல் விலகி 112-ஐ அழையுங்கள். விலகுவது கோழைத்தனம் அல்ல; இக்கோனியா ஊரில் எதிராளிகள் கல்லெறியத் துணிந்தபோது பவுலும் உடன் ஊழியர் பர்னபாவும் லீஸ்திரா ஊருக்குப் போய் அங்கே பிரசங்கித்தார்கள்.

ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சவுக்கடியைத் தடுத்தவர் பவுல். உங்கள் உரிமையும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டின் 2002 மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கப்பட்டது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற இடங்களில் கடுமையான சட்டம் உண்டு. ஊழியத்துக்குப் போகுமுன் அங்குள்ள வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அப்பாவிடம்தான் அதிகப் பொறுமை வேண்டும். எனக்குக் கொள்ளி வைப்பது யார், சொந்தபந்தம் என்ன சொல்லும் என்ற கவலைகளே பெரும்பாலும் கோபமாக வெளிவருகின்றன. அவற்றை அவர் கொட்டித் தீர்க்கட்டும், குறுக்கே பேசாதீர்கள். படையலில் கலந்துகொள்ள மனச்சாட்சி இடம் தராவிட்டால் அன்று காலையில் சண்டையாகச் சொல்லாமல், முன்கூட்டியே தணிவாகச் சொல்லிவிடுங்கள். மற்ற வீட்டு வேலைகளில் முன்னால் நில்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, வீட்டுச் செலவு எதையும் குறைக்காதீர்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லவே பேதுரு சொன்னார் (1 பேதுரு 3:15). அப்பா கேட்கும்வரை அவரிடம் வசனம் பேச வேண்டாம்.