பட்டை மங்கினால் கைனேஸ்தான் காரணமா?

வணக்கம் ஐயா,

சேலத்தில் உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறேன். ஏற்காட்டுக் காபிக்கொட்டையின் நீர்ச்சாறு இன்சுலின் சமிக்ஞையைக் கூட்டுமா என்பது என் ஆய்வு. ஹெப்ஜி2 என்ற மனிதக் கல்லீரல் புற்றுச் செல்களுக்கு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சாறு கொடுத்து, பிறகு 100 நானோமோலார் இன்சுலினை 10 நிமிடம் வைக்கிறேன். டிரிப்சினால் செல்களைப் பிரித்து, 1 மில்லிமோலார் வனடேட் கலந்த பஃபரில் உடைக்கிறேன். புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், இன்சுலின் சமிக்ஞையைக் கடத்தும் ஏகேடி புரதத்தின் 473ஆம் செரீனில் பாஸ்பேட் ஏறியதைக் காட்டும் பட்டை சாறு கொடுக்காத செல்களிலேயே மங்கல்; கொடுத்தவற்றில் இன்னும் மங்கல். மொத்த ஏகேடி இரண்டிலும் சமம். பாஸ்பேட் ஏற்றும் நொதியான கைனேஸைச் சாறு தடுக்கிறது என்று எழுதலாமா?

ஒரு மாணவி, சேலம்

அன்புள்ள மாணவிக்கு,

இப்போதைக்கு எழுத வேண்டாம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இறங்கியது என்று மட்டும் சொன்னால், வரத்து குறைந்ததா, திறப்பு கூடியதா என்று தெரியாது. அதனால்தான் நாளிதழில் மூன்றையும் போடுகிறார்கள். பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் வரத்து என்றால், இறக்கும் நொதியான பாஸ்படேஸ் திறப்பு. உங்கள் பட்டை காட்டுவது மட்டத்தை மட்டுமே.

ஏகேடியின் 308ஆம் திரியோனினில் பாஸ்பேட்டை ஏற்றுவது பிடிகே1. 473ஆம் செரீனில் ஏற்றுவது எம்டார்சி2. இறக்குபவை முதலாவதில் பெரும்பாலும் பிபி2ஏ, இரண்டாவதில் பிஹெச்எல்பிபி. இவற்றுக்கு மேலே, பிஐ3கே என்ற கைனேஸ் உண்டாக்கும் கொழுப்புச் சமிக்ஞையைப் பிடென் என்ற பாஸ்படேஸ் அழித்துக்கொண்டே இருக்கிறது. இன்சுலின் இருக்கும்போதும் பாஸ்படேஸ்கள் ஓய்வதில்லை. ஓயாததால்தான் இன்சுலின் போனதும் செல் விரைவில் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறது. பாடநூல்கள் கைனேஸுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, பாஸ்படேஸை ஏதோ துப்புரவு வேலை செய்வதாக ஒரு பத்தியில் முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. பிபி2ஏ தன்னோடு சேரும் ஒழுங்குபடுத்தும் அலகுக்கு ஏற்ப இலக்கைத் தேர்ந்தெடுக்கிறது, அதுவும் சமிக்ஞைதான்.

சாறு இருக்கட்டும், முதலில் சாறில்லாத பட்டை ஏன் மங்கல் என்று பாருங்கள். வனடேட் முக்கியமாக டைரோசின் பாஸ்படேஸ்களைத்தான் அடக்கும். நீங்கள் தேடுவதோ செரீன். உங்கள் பஃபரில் பிபி2ஏவும் பிஹெச்எல்பிபியும் தடையின்றி வேலை செய்கின்றன. இவற்றை அடக்க 50 மில்லிமோலார் சோடியம் ஃபுளூரைடும் 10 முதல் 25 மில்லிமோலார் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் சேருங்கள். இன்சுலின் ஏற்பியின் டைரோசினையும் பார்ப்பதாக இருந்தால் வனடேட் இருக்கட்டும். ஆனால் அதன் 200 மில்லிமோலார் இருப்புக் கரைசலை பிஹெச் 10இல் வைத்து, மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவிட்டு, ஆறியதும் மறுபடி பிஹெச் 10க்குக் கொண்டுவர வேண்டும். நிறம் திரும்பாத நிலை வரும்வரை இதையே செய்யுங்கள். அதே பஃபரில் ஈடிடிஏவோ டிடிடியோ இருந்தால் வனடேட்டின் பலன் போய்விடும்.

டிரிப்சினை விட்டுவிடுங்கள். 37 டிகிரியில் சில நிமிடம் என்பது பாஸ்பேட் இறங்கப் போதுமான அவகாசம். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளையும் டிரிப்சின் வெட்டும். டிஷ்ஷைப் பனிக்கட்டி மேல் வைத்து, குளிர்ந்த பஃபரால் ஒருமுறை அலசி, ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். சேலத்து ஏப்ரலில் மேசை மேல் வைத்துச் செய்யும் வேலை அல்ல இது. இதைவிட நம்பகமான வழி, புரதத்தைக் குலைக்கும் சோப்பான எஸ்டிஎஸ் கலந்து 95 டிகிரிக்குச் சூடாக்கிய பஃபரை நேராகச் செல்கள் மேல் ஊற்றுவது. எல்லா நொதிகளும் அந்தக் கணமே செயலிழக்கும். டிஎன்ஏ வெளிவந்து கரைசல் கோந்துபோல் ஆகும். மெல்லிய ஊசி வழியே பலமுறை இழுத்துத் தள்ளினால் சரியாகும். எஸ்டிஎஸ் இருப்பதால், புரத அளவைக் காணும் பிராட்ஃபோர்டு முறை தவறான அளவு காட்டும். பிசிஏ முறையில் அளந்துவிட்டு, மெர்காப்டோஎத்தனாலைப் பிறகு சேருங்கள்.

செல் உடைந்த பிறகும் நொதிகள் நிற்பதில்லை என்பது இந்தத் துறையின் பிறப்பிலேயே தெரிந்த விஷயம். 1950களில் சியாட்டிலில் கிரெப்ஸும் ஃபிஷரும் முயல் தசைச் சாற்றை வடிதாளில் வடித்தபோது கிளைக்கோஜனைச் சிதைக்கும் பாஸ்பாரிலேஸ் நொதி செயல்படும் வடிவில் கிடைத்தது. வடிதாள் இல்லாமல் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியபோது செயலற்ற வடிவில் கிடைத்தது. தாளிலிருந்து கசிந்த கால்சியம், சாற்றில் இருந்த கைனேஸைத் தூண்டியிருந்தது. பாஸ்பேட் ஏற்றி இறக்கும் இந்த ஒழுங்குமுறையைக் கண்டறிந்ததற்காக இருவருக்கும் 1992இல் நோபல் கிடைத்தது.

இனி உங்கள் சாறு. உலர்சாற்றில் 4 சதவீதம் காஃபீன் என்று வைத்துக்கொண்டால், உங்கள் செல்களுக்குக் கிடைப்பது சுமார் 0.2 மில்லிமோலார். காபி குடித்தவரின் இரத்தத்தில் வழக்கமாக இருப்பதைவிட இது பல மடங்கு. காஃபீன் பிஐ3கேயின் சில வடிவங்களைத் தடுக்கத் தொடங்கும் அளவும் இதை ஒட்டியே இருக்கிறது. ஆகவே 0.2 மில்லிமோலார் காஃபீனை மட்டும் கொடுத்த ஒரு டிஷ் கட்டாயம் வேண்டும்.

வரத்தா, திறப்பா என்று பிரிக்க: இன்சுலின் கொடுத்து 10 நிமிடம் ஆனதும் 200 நானோமோலார் வொர்ட்மானின் சேர்த்துப் பிஐ3கேயைத் தடுத்துவிடுங்கள். 0, 1, 2, 5, 10 நிமிடங்களில் ஒவ்வொரு டிஷ்ஷாக உடையுங்கள். ஒவ்வொரு வரிசையையும் அதனதன் 0 நிமிடப் பட்டையால் வகுத்துக்கொள்ளுங்கள், தொடக்க மட்டம் வேறு என்பதால். சாறு கொடுத்தவற்றில் பட்டை வேகமாக விழுந்தால் பாஸ்படேஸ் அல்லது பிடென் பக்கம் தேடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் விழுந்தால் ஏற்றும் பக்கம்தான் குறைந்திருக்கிறது. 308ஆம் திரியோனினையும் சேர்த்துப் பாருங்கள். 473 மட்டும் வேகமாக விழுந்தால் பிஹெச்எல்பிபி மேல் சந்தேகம் வலுக்கும்.

ஆன்டிபாடி பாஸ்பேட்டைத்தான் பிடிக்கிறதா என்பதற்கு, சாதாரண பஃபரில் பாஸ்படேஸ் தடுப்பான் இல்லாமல் உடைத்த ஒரு மாதிரியை லாம்டா பாஸ்படேஸோடு, 1 மில்லிமோலார் மாங்கனீசு சேர்த்து, 30 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். பட்டை மறைய வேண்டும். பட்டை பதியும் சவ்வைப் பால்பவுடரில் ஊறவைக்காதீர்கள். பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி கறுக்கக்கூடும். மாட்டு இரத்தப் புரதமான பிஎஸ்ஏ 5 சதவீதம் போதும்.

படங்கள் வந்ததும் அனுப்புங்கள். மொத்த ஏகேடியை அதே சவ்வில் எடுத்தீர்களா, வேறு சவ்விலா என்பதையும் எழுதுங்கள்.