ஐபோன் படம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை: காசு செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: கொளத்தூரில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் புடவை விற்கிறேன். படம் எடுப்பதற்காக ஐபோன் 15 வாங்கினேன். கம்ப்யூட்டரில் ஏற்றினால் எல்லாம் ஹெச்.இ.ஐ.சி. ஃபைலாக வருகிறது. என்னிடம் இருக்கும் பழைய போட்டோஷாப் அதைத் திறக்கவில்லை. ரிச்சி தெருவில் விசாரித்தேன், புது சாப்ட்வேர் வாங்கச் சொல்கிறார்கள். 'ரா'வில் (கேமரா பதிவு செய்த தகவலை ஜேபெக் போலச் சுருக்காமல் வைக்கும் ஃபைல்) எடுத்தால் கலர் அப்படியே வரும் என்கிறான் தம்பி. என்ன செய்யட்டும்?

பதில்: எதையும் வாங்காதீர்கள் அம்மா. போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்வு செய்தால் போதும். இனி எடுப்பதெல்லாம் ஜேபெக் ஆகவே பதிவாகும். 1992-இல் வந்த வடிவம் அது. உங்கள் போட்டோஷாப் எவ்வளவு பழையதானாலும் திறக்கும்.

ஏற்கெனவே எடுத்த படங்களுக்கும் வழி இருக்கிறது. செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குள் (புதிய ஐஓஎஸ்ஸில் 'ஆப்ஸ்' என்பதற்குள் இருக்கும்) கடைசியாக, கம்ப்யூட்டருக்கு மாற்றுவது பற்றி ஒரு தேர்வு உண்டு. அதை 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்துவிட்டு மறுபடி கேபிள் போட்டு ஏற்றுங்கள். மாற்றும்போதே ஜேபெக் ஆகிவிடும்.

ஹெச்.இ.ஐ.சி. மோசமான வடிவம் இல்லை. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்களில் இருக்கிறது. அதே தரத்துக்கு, ஜேபெக் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதிதான் இது பிடிக்கும். குடும்பப் படங்கள் மட்டும் எடுப்பவர் அதிலேயே இருக்கலாம். நாலு இடத்துக்குப் படம் அனுப்பிப் பிழைக்கிறவருக்கு ஜேபெக்தான் நிம்மதி.

தம்பி சொல்வதில் பாதி சரி. ரா ஃபைலில் வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்தின் சாயலை நீக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) பிறகு திருத்தலாம், நிறம் கெடாது. ஆனால் ரா எடுக்க ஆப்பிளே தரும் ப்ரோரா வசதி ப்ரோ மாடல்களில்தான் உண்டு, உங்கள் போனில் கிடையாது. அந்த வசதி இருந்தாலும், 48 மெகாபிக்சலில் எடுத்தால் ஒரு படமே 75 எம்.பி. வரை போகும். அப்புறம் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து திருத்த வேண்டும். தினமும் படம் போடுகிற கடைக்கு அது கட்டுப்படியாகாது. ஆசையாக இருந்தால் லைட்ரூம் செயலியின் கேமராவில் டி.என்.ஜி. (ரா ஃபைலில் ஒரு வகை) எடுத்து, இலவச ஸ்னாப்சீடில் திறந்து பழகிப் பாருங்கள்.

உங்களுக்கு முக்கியம் நிறம். "மெரூன்னு வாங்கினேன், சிவப்பா இருக்கு" என்று புடவை திரும்பி வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஐபோன் படம் 'டிஸ்ப்ளே பி3' என்ற விரிந்த நிற அளவில் பதிவாகிறது. அதைப் புரிந்துகொள்ளாத மென்பொருளில் நிறம் மங்கித் தெரியும். போட்டோஷாப்பில் 'சேவ் ஃபார் வெப்' போகும்போது எஸ்.ஆர்.ஜி.பி.க்கு (இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் நிற அளவு) மாற்றும் கட்டத்தில் டிக் போடுங்கள். படம் எடுக்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்துவிட்டால் எந்த மென்பொருளிலும் அதைச் சரி செய்வது கஷ்டம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, அச்சுக்குப் போகிற படம் என்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் சுருங்கிவிடும்.